மிஸ்ஸின் வாயில் வந்த உவள்

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது ஆறு, செத்துப்போன தமக்கையின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டும் உயிரோடு இருக்கின்றன, எட்டுக்கும் வயிறு காயவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் இருக்கவில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரை வாசிப்பேன், என் பெயரைக் கோணாமல் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனாலும் இங்கிலாந்தில் இருந்த ஒரு மனுசி எழுதிய கொலைக்கதைகளைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. படித்தவர்கள் அவரைப் பற்றி நிறைய எழுதியிருப்பார்கள். அவர்கள் கதிரையில் இருந்து வாசித்தவர்கள். நான் மீன் வெட்டிக்கொண்டு கேட்டவள்.

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் வாயில் அது நேராக வராது. வராத ஒன்றைச் சொல்லிச் சிரிப்பு வாங்க எனக்கு விருப்பமில்லை.

என் மனுசன் கடலுக்குப் போய் வராமல் விட்டதற்கு அடுத்த ஆண்டு, மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு மிஸ் வீட்டில் சமைக்கப் போனேன். எங்கள் ஊர் காங்கேசன்துறையிலிருந்து விடிய முதல் பஸ். மிஸ்ஸுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர், கலியாணம் செய்யாதவர். வேதக்கார வீடு. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எனக்கு மட்டும் தேத்தண்ணி, சமைக்கிற குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கிய தகரப் பேணியில்.

அதைப் பொறுத்துக்கொண்டு நான் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. என் கடைசி மகளுக்கு அப்போது பத்து வயது. ஒரு விடுமுறை நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மிஸ் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பிள்ளை தண்ணீர் ஓடுவது போல வாசித்தாள். கணக்குக் கேட்டார், சொன்னாள்.

"உன்ரை பெட்டை கெட்டிக்காரி. உங்கை கடற்கரையிலை விட்டுப் பழுதாக்கிப் போடாதை. நான் ஒரு கடிதம் தாறன்" என்றார்.

பட்டணத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமை ஆசிரியை மிஸ்ஸிடம் படித்தவர். மிஸ்ஸின் கடிதம் போனால் பிள்ளைக்கு இடமும் சாப்பாடும் கிடைக்கும். போகாவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேற் திறக்காது. தைப்பொங்கலுக்குத் தருகிறேன் என்றவர் சித்திரைக்குத் தருகிறேன் என்றார். பிறகு, "நினைவிலை இருக்கு, அவசரப்படுத்தாதை" என்றார். மகள் ஒவ்வொரு நாளும் பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்று என் கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் மிஸ்ஸின் வீட்டில் ரீச்சர்மார் ஐந்தாறு பேர் கூடுவார்கள். கேக்கும் தேத்தண்ணியும். மிஸ் அந்த இங்கிலீசு மனுசியின் கதை ஒன்றைத் தமிழில் சொல்லி, அதன் திறம் எது என்று விளக்குவார். சனிக்கிழமைக்கு முன்னர் அதைச் சொல்லிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அது நான். குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மடியில் இங்கிலீசுப் புத்தகம், வாயில் தமிழ்.

"நீ பயந்தால் எல்லாரும் பயப்பிடுவினம்" என்பார். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "என்னடி, கை நடுங்குதோ?"

"மீன் வழுக்குது, மிஸ்."

இப்படி மூன்று ஆண்டுகளில் பதினைந்து, பதினாறு கதைகள் கேட்டிருப்பேன். கேட்டதை வைத்துச் சொல்கிறேன். அந்த மனுசி கெட்டிக்காரி. இரத்தத்தைக் காட்டிப் பயப்படுத்த மாட்டார். கழுவத் தேவையில்லாத ஒரு கோப்பையை யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். எனக்கு நெஞ்சு அங்கேயே நிற்கும். பெண்ணைப் பெண் வெறுப்பது எப்படி என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. கத்த மாட்டார்கள், தலைமயிரைப் பிடிக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் சீனி போடவா என்று கேட்டுக்கேட்டே வெறுப்பார்கள். மிஸ் இதைத்தான் பெரிதாகப் புகழ்வார்: "மரியாதை குறையாமல் கொல்லுறதுதான் இவவின்ரை கலை."

எனக்குப் பிடிக்காதவையும் இருந்தன. அவருடைய கதைகளில் குசினிக்காரிக்கு ஒன்றும் தெரியாது. தட்டைக் கொண்டுபோவாள், பிணத்தைக் காண்பாள், தட்டைப் போட்டுவிட்டுக் கத்துவாள். பிறகு பொலிஸ் வந்து பெரிய வீட்டுக்காரரை எல்லாம் விசாரிக்கும், இவளை விடும். நான் மிஸ்ஸிடம் கேட்டேன்:

"ஏன் மிஸ், சமைச்சவளை ஒருத்தரும் கேக்கேல்லை? ஆர் சாப்பிட்டது, ஆர் பாதியிலை எழும்பினது எண்டு அவளுக்கெல்லோ தெரியும்."

"உன்னைக் கேட்டால் கதை முதல் பக்கத்திலை முடிஞ்சிடும்" என்றார் மிஸ். பகிடிக்குத்தான் சொன்னார்.

இன்னொன்று, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை. பிணத்தை எடுத்த அன்றே தேத்தண்ணி குடிப்பார்கள். எட்டாம் நாள் சடங்கு இல்லை, முப்பத்தொன்றாம் நாள் சடங்கு இல்லை, யார் கொன்றது என்ற கதைதான். செத்தவர் ஒரு கேள்வி ஆகிவிடுவார். அதைக் கேட்கும்போது எனக்கு அந்த மனுசியில் கோபம் வரும். கடல் கொண்டுபோன ஒருவருக்கு நான் அழுது முடித்திருக்கவில்லை.

ஆனால் ஒரு நேர்மை அவரிடம் உண்டு. கடைசிப் பக்கத்தில் சொல்லிவிடுவார். அதுவரைக்கும் பட்டினி போடுவார், பிறகு சோறு வைப்பார். கடிதத்தை வைத்துக்கொண்டு என்னை அலைக்கழித்த மிஸ்ஸுக்கு அந்த நேர்மை இருக்கவில்லை.

கடைசியாகக் கேட்ட கதையில், ஒரு பெரிய வீட்டில் ஒரு பணக்காரக் கிழவி படுக்கையில் கிடக்கிறார். பார்க்க வந்து நிற்கும் மருமகள், பணிவிடைக்கு ஒரு தாதி, வளவுக்குள் ஒரு தோட்டக்காரன். கிழவி செத்துப்போகிறார். யார் மருந்தை மாற்றியது? மிஸ் குசினி வாசலில் நான்கு நாட்கள் சொன்னார், கடைசி அத்தியாயத்தை மட்டும் எனக்கும் சொல்லவில்லை. எனக்கோ இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

எப்படி என்றால், ஒரு சொல்லால். எங்கள் பேச்சில் பக்கத்தில் நிற்பவள் இவள், தூரத்தில் நிற்பவள் அவள், இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் உவள். ஆனால் கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒருத்தியை உவள் என்று சொன்னால் அதற்கு வேறு பொருள். உவளைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும், இன்னும் சொல்லவில்லை என்று பொருள். சந்தையில் ஒருத்தியை உவள் என்று சொன்னால், அவள் என்ன செய்தவள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். மிஸ் கிழவியை மரியாதையாக அவ என்றார், மருமகளை அவள் என்றார். தாதி வரும் இடமெல்லாம், "உவள் கதவைச் சாத்தினாள், உவள் போத்தலை எடுத்தாள்." இங்கிலீசில் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே சொல்தானாம். அந்த மனுசி அந்த ஒரு சொல்லுக்குள் கொலைகாரியை ஒளித்து வைத்திருந்தார். எங்கள் தமிழுக்குள் அவளுக்கு ஒளிக்க இடமில்லை. முடிவு தெரிந்த வாய், தன்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வந்தது. நான் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் நின்று கேட்டேன். மிஸ் நன்றாகத்தான் சொன்னார். கடைசி அத்தியாயத்துக்கு முன் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினார்.

"இப்ப சொல்லுங்கோ பாப்பம், ஆர் செய்தது?"

"மருமகள்தான்" என்றார் ஒருவர். "இல்லையடி, அந்தத் தோட்டக்காரனிலை எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் இன்னொருவர். "ஐயோ அக்கா, சும்மா இழுக்காமல் சொல்லுங்கோவன்!"

மிஸ்ஸுக்குப் பெரிய சந்தோசம். "பொறுங்கோ, கடற்கரை என்ன சொல்லுது எண்டு கேப்பம்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். என்னைக் காட்டி இங்கிலீசில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இங்கிலீசு விளங்கவில்லை, சிரிப்பு விளங்கியது.

தோட்டக்காரன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மிஸ் வென்றிருப்பார், நான் குசினிக்குத் திரும்பியிருப்பேன், கடிதம் கைக்கு வந்திருக்கும். இது எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று யாரும் எனக்குப் பாவம் பார்க்க வேண்டாம்.

"தாதி, மிஸ்" என்றேன்.

மிஸ்ஸின் முகம் மாறியது. "வாய்க்கு வந்ததைச் சொல்லாதை. ஏன் தாதி?"

"நீங்கள்தானே சொன்னியள்."

"நானோ?"

"மருமகளை அவள் எண்டியள். தாதியை மட்டும் உவள், உவள் எண்டு கொண்டு நிண்டியள். குசினியிலையும் அப்பிடித்தான். இண்டைக்கும் அஞ்சாறு தரம் வந்தது."

உடல் பருத்த ஒரு ரீச்சர் கேக்கை மடியில் கொட்டிக்கொண்டு சிரித்தார். "ஓமடி, உண்மையெல்லோ! அக்கா, பொலிஸ் வரமுதல் நீங்களே பிடிச்சுக் குடுத்திட்டியள்!" எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அந்த மனுசி கடைசி மட்டும் மூடி வைச்சதை, நீங்கள் இரண்டாம் நாளே திறந்து விட்டிட்டியள், மிஸ்" என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

திங்கட்கிழமை மிஸ் சிரித்த முகத்தோடு கடிதத்தைத் தந்தார். "இந்தா, உன்ரை மகளுக்கு. நானே ஒட்டினனான். பிரிக்காமல் கொண்டுபோய்க் குடு." அந்த இங்கிலீசு மனுசியின் கதைகளில் அப்படிச் சிரிப்பவள் யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு கதை கேட்டவள் நான். கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டுப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் கடிதத்தை அவள்தான் வைத்திருந்தாள். "உதுக்குள்ளை என்ன அம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "நீ கெட்டிக்காரி எண்டு" என்றேன்.

தலைமை ஆசிரியை வயது குறைந்தவர், பொல்லாதவர் இல்லை. வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "உந்தக் கடிதத்தை நீர் வாசிச்சுப் பாத்தனீரோ?"

"எனக்கு இங்கிலீசு தெரியாது. என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ."

"வேண்டாம். பிள்ளை நிக்குது."

"நிக்கட்டும். அவளைப் பற்றித்தானே எழுதியிருக்கு."

அவர் தலை குனிந்துகொண்டு தமிழில் சொன்னார்: "பிள்ளையின்ரை தாய் கூர்மையானவள். அந்தக் கூர் குசினிக்குள் இருக்கும் மட்டும்தான் வீட்டுக்கு நல்லது. படிப்புக் குடுத்தால் மகளும் அடங்கமாட்டாள். அவளின்ரை கைக்கு மீன் வெட்டுறதே போதும்." பிறகு கடிதத்தை மடித்தார். "என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. அவ எனக்குப் படிப்பிச்ச ரீச்சர்."

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பின்னலையும் தானே அவிழ்த்துவிட்டாள்.

மிஸ் வீட்டுக்கு நான் பிறகு போகவில்லை. மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தாள். அதற்குப் பிறகு என்னோடு கருவாடு போட வந்தாள். இன்றைக்கும் அதுதான் அவளுக்கு வேலை.

போன ஆண்டு மருதனார்மடம் சந்தையில், மிஸ்ஸுக்குக் கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போனேன். இரக்கத்தில் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். நான் படியேறவே முகத்தைத் திருப்பினார்.

"மீன் மணக்குது. நீயோ?"

"நான்தான், மிஸ்."

மடியில் ஒரு தடித்த புத்தகம். அந்த மனுசியின் கடைசிப் புத்தகமாம், தம்பி லண்டனிலிருந்து அனுப்பியது. "பாதி வாசிச்சன், கண் விட்டிட்டுது. சமைக்கிற பெட்டைக்கு இங்கிலீசு தெரியாது. ஆர் செய்தது எண்டு தெரியாமல் கிடக்கிறன்."

பஸ்ஸில் வரும்போது நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்தது. "அந்தக் கடிதத்தை நீங்கள் வேறை மாதிரி எழுதியிருந்தால், மிஸ், இண்டைக்கு என்ரை மகள் உங்களுக்குப் பக்கத்திலை இருந்து உந்தப் புத்தகத்தை வாசிச்சிருப்பாள்."

மிஸ் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். குரல் கொஞ்சமும் தளரவில்லை. "நீ அண்டைக்கு வாயை மூடியிருந்தால், நான் வேறை மாதிரித்தான் எழுதியிருப்பன். சனி விடிய எழுதி வைச்ச நல்ல கடிதத்தைக் கிழிச்சுப்போட்டுத்தான் மற்றதை எழுதினனான்."

நான் படியிறங்கிவிட்டேன். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாம் சொன்னேன். கண் போனதை, புத்தகம் மடியில் கிடந்ததை, நான் மிஸ்ஸிடம் சொன்னதை. கிழித்த கடிதத்தையும் சொன்னேன். அதை மறைத்திருக்க வேண்டும், மறைக்கத் தெரியவில்லை. மகளுக்கு இப்போது முப்பத்தைந்து. உப்புக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக் கதையை நான் அவளுக்கு முன்னாலேயே எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை, ஒருநாளும் ஒன்றும் கேட்டதுமில்லை. அன்றைக்குத்தான் கேட்டாள்.

"தோட்டக்காரன் எண்டு சொல்லியிருக்கலாமே, அம்மா."

"அது பிழையெல்லோ, பிள்ளை."

"ஓம்" என்றாள். "பிழைதான்." அடுத்த மீனை எடுத்துக் கீறினாள்.

இவ்வளவையும் நான் சொல்லச்சொல்ல எழுதியது அவளுடைய மகள், என் பேத்தி. பிள்ளை, எழுதினது காணும், நிப்பாட்டு. இனி முதலிலை இருந்து வாசி. முணுமுணுக்காதை. கொம்மா குசினிக்குள்ளை நிக்கிறா, அவவுக்கும் கேக்கிற மாதிரி வாசி.