சைகோன் டாக்டர் வண்டிக்கு எட்டு புஷ்

மெக்கானிக் தொழிலில் வண்டி பட்டறையில் நிற்கும் வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. வேலை முடிந்து அது வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் சந்தேகம் ஆரம்பிக்கும். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவர்களே, அடுப்பை அணைத்தோமா என்று சினிமாக் கொட்டகையில் நெளிகிறவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

டொக்... டொக்...

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம். கோட்டுச்சேரி போகிற ரோட்டில் என் பட்டறை. பட்டறை என்றால் நாலு மூங்கில், மேலே கீற்று, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு குழி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரு பஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தேன். பஸ், லாரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். என் நேரம், சொந்தப் பட்டறைக்கு வந்த முதல் பெரிய வேலை ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

அது சைகோன் டாக்டருடைய வண்டி. சைகோனில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வரும்போது, கப்பலில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். உலகச் சண்டைக்கு முந்தைய மாடல். நீள மூக்கு, இரண்டே இரண்டு ஸீட்டு, தரையோடு தரையாகப் போகும். நோயாளி பார்க்க நெடுங்காட்டு வாய்க்கால் ரோட்டில் ஓடி ஓடி, நாலு சக்கரத்திலும் டொக் டொக் என்று சத்தம். ஸ்பிரிங் பட்டையின் நுனியில் போல்ட் போகிற ஓட்டைக்குள் ரப்பரில் ஒரு வளையம் இருக்கும், அதற்குப் புஷ் என்று பேர். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் நின்று சமாதானம் பண்ணுவது அதன் வேலை. விரலை விட்டுப் பார்த்தேன். சக்கரத்துக்கு இரண்டாக எட்டும் நைந்து, புளிச்சக்கை மாதிரி கையோடு வந்தது.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்குப் பூவத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளைக்குத் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, கால்தான் கீழே இருக்கிறது என்று இதே டாக்டர்தான் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலி கண்டதும் ஆள் அனுப்புங்கள், நானே வந்துவிடுகிறேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். எதில் வருவார்? இதில்தான் வருவார். நான் குழிக்குள் நின்று மேலே பார்த்து விழித்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து சொன்னார்:

"உன் பொண்டாட்டிக்கும் நாள் நெருங்குது, என் வண்டிக்கும் நாள் நெருங்குது. எது முந்திக்கிட்டாலும் கஷ்டம் உனக்குத்தான்."

எட்டு புஷ், இருபது தடவை அளவு

பிரான்சுக்கு எழுதிப்போட்டால் புஷ் வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். மதராஸில் விசாரித்தால் இப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாது என்றார்கள். கடைசியில் கதி சாகுல் பாய்தான். பினாங்கில் ஒரு மோட்டார் பட்டறையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். நாகப்பட்டினத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு மிலிட்டரி லாரியின் எஞ்சினுக்கு அடியில் இருந்த ரப்பர் மெத்தையைப் பிடித்தேன். அதைச் சவுக்காரத் தண்ணீர் விட்டு விட்டு, தேங்காய்க் கீற்றுப் போடுகிற மாதிரி வழவழவென்று கடைந்து, உள்ளே இரும்புக் குழாயும் செருகிக் கொடுத்தார் மனுஷர். அப்படி ஒரு கை!

வாங்கிக்கொண்டு வந்தவன் சும்மா இருந்தேனா? ஒரு நூல் குறையுமோ என்று ஓடினேன். ஒரு நூல் கூடுமோ என்று மறுபடி ஓடினேன். பாய் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வருகிறார், வாசலில் நான் நிற்கிறேன். சாப்பிட்டுக் கை கழுவ வருகிறார், அங்கேயும் நான். கடைசியில் பொறுமை போய்விட்டது அவருக்கு.

"எட்டு கேட்டே, எட்டும் கடைஞ்சு குடுத்துட்டேன். இன்னொரு தடவை அளவு பாக்க வந்தேன்னு வையி, நான் செத்து மவுத்தாயிடுவேன் தம்பி!"

சத்தமில்லாத வண்டி

எட்டையும் மாட்டி வண்டியை அனுப்பினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் சாகுல் பாய் சாவகாசமாகக் கேட்டார், "வண்டி கீழே இறங்கி நிக்கும்போதுதானே போல்ட்டை முடுக்கினே?" டீயைப் பாதியில் வைத்தேன். நான் முடுக்கினது வண்டியைக் கட்டைமேல் தூக்கி வைத்துவிட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது!

பஸ்ஸுக்குப் பித்தளை புஷ், எப்படி முடுக்கினாலும் ஒன்றுதான். ரப்பர் அப்படி இல்லையாம். முடுக்கின நிலையிலேயே கவ்விக்கொள்ளுமாம். தொங்கும்போது முடுக்கிவிட்டுக் கீழே இறக்கினால், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டே கிடந்து, ஒரு நாள் கிழிந்து போகும். அது எந்த நாள்? அதுதான் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. டாக்டர் பூவத்துக்குப் புறப்படுகிற நாள்தான், சந்தேகமே இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோட்டுச்சேரியில் டாக்டர் வீட்டில் கேட்டால் நெடுங்காடு போய்விட்டார் என்றார்கள். வழியெல்லாம் வாய்க்காலுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், வண்டி கவிழ்ந்து கிடக்கிறதா என்று. நெடுங்காட்டில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டி முழுசாக நின்றிருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை, நாளைக்குக் காலையில் வருகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி மட்டும் என்னை விடவில்லை. சத்தத்தை வைத்துத்தான் அந்தப் பக்கத்து ஜனங்கள் டாக்டர் வருகிறதைத் தெரிந்துகொள்வார்களாம்.

"டொக்கு டொக்குன்னு கேட்டா வயல்லேருந்து ஏறி வருவோம். இப்ப வந்ததும் தெரியல, போறதும் தெரியல. நல்லா இருந்த வண்டிய என்னங்க பண்ணுனீங்க?"

குழிக்கு மேலே வைத்தியம், குழிக்குள்ளே வைத்தியம்

மறுநாள் காலை வண்டியைக் குழிமேல் நிறுத்தினேன். சாகுல் பாய் சொன்னபடி, ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கிற பாரத்தோடு முடுக்கினால்தான் உத்தமம். பக்கத்து ஸீட்டிலும் ஓர் ஆள் பாரம் வேண்டும். அவசரம் என்றால் என் மனைவியை அதில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே டாக்டர் அசையாமல் ஒரு மணி நேரம் காரில் உட்கார வேண்டியதாயிற்று.

அவர் இருக்கிற இடம் தெரிந்தால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? இருமல், சொறி, கட்டி என்று என் பட்டறை வாசலில் வரிசை நின்றுவிட்டது. ஒவ்வொருத்தராகப் பக்கத்து ஸீட்டில் ஏற்றி நாடி பிடித்துப் பார்த்தார். எனக்குக் கொண்டாட்டம், பாரத்துக்கு ஆள் தேட வேண்டாம். ஆனால் ஓர் ஒல்லிக்கிழவர் ஏறுவார், ஸ்பிரிங் எழும்பும். ஒரு குண்டு மனிதர் ஏறுவார், அமுங்கும். நான் கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். ஆறு போல்ட் முடிந்தது. ஏழாவதுக்கு ஒரு ஜவுளிக்கடை முதலாளி ஏறினார். பிள்ளைத்தாய்ச்சி கனத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை. அவரை மட்டும் இறங்கவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் வெளியே எட்டி வரிசையைப் பார்த்து முறையிட்டார்:

"மேலே இருக்கிற டாக்டரு மூச்சை இழுத்து விடுங்கிறாரு, கீழே இருக்கிற ஆளு மூச்சை விடாம ஆடாம இருங்கிறான். நான் எந்த வைத்தியனைக் கேக்குறது?"

போட்டேனா, போடலையா?

எட்டாவது போல்ட் பாதி முடுக்கியிருக்கும்போது என் மச்சினன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். "மச்சான், அக்காவுக்கு வலி கண்டுருச்சு!" முதலாளி குதித்து இறங்கிவிட்டார். டாக்டர் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். நான் இன்னும் குழிக்குள்! "ஒரு நிமிஷம் டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்!" மச்சினனை ஸீட்டில் ஏறச் சொல்லிக் கத்திவிட்டு, அவசர அவசரமாக முடுக்கினேன். ஸ்பானர் இரண்டு தடவை நழுவியது. வெளியே வந்து மச்சினனை இறக்கிவிட்டு நான் ஏறிக்கொண்டேன். வண்டி சிட்டாய்ப் பறந்தது.

கோட்டுச்சேரி தாண்டினதும் சுருக்கென்றது. நட்டு கழன்று வராமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பியைச் செருகி மடக்குவோம், காட்டர் பின் என்று அதற்குப் பேர். அந்த எட்டாவது நட்டுக்குக் காட்டர் பின் போட்டேனா? போட்ட மாதிரி இருக்கிறது. மடக்கின மாதிரியும் இருக்கிறது. ஆனால் அது ஏழாவதோ? ஐயோ, நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தவில்லை. என் பக்கத்துப் பின்புறச் சக்கரத்தைப் பார்க்க உடம்பை வெளியே வளைத்து எட்டினேன். டாக்டர் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அங்கே ஒரு உசிருக்கு ரெண்டு உசிரு காத்திருக்கு. நீ வழியில விழுந்து மூணாவது கேஸா வராதே!"

பூவத்தில்

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் டாக்டர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். நானும் ஓடியிருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், ஓடத்தான் இறங்கினேன். ஆனால் அவளை இந்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டால்? அந்தப் பின் இல்லாமல் எப்படி ஏற்றுவது? தெருவிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். அது தரையோடு இருக்கிற வண்டி, இடுப்புக்கு மேலே உள்ளே, கால் இரண்டும் வெளியே. ஒன்று, இரண்டு என்று விரலால் தடவி எண்ணினேன். உள்ளேயிருந்து அவள் கத்துகிறது கேட்டது. எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணீரும் கிரீஸும் முகத்தில் ஒன்றாக வழிந்தன. எட்டாவது பின் கையில் பட்டது. போட்டிருந்தேன், ஒழுங்காக மடக்கியும் இருந்தேன். அப்போதுதான் உள்ளே பிள்ளை வீலென்று அழுதது.

அவசரத்தில் எழுந்திருக்கப் போய் மண்டையை இடித்துக்கொண்டேன். "மாப்பிள்ளை எங்கே?" என்று மாமியார் வெளியே வந்து, வண்டிக்கு அடியில் இரண்டு காலைப் பார்த்து, நான் அடிபட்டுக் கிடக்கிறேன் என்று ஓலமிட்டு, தெருவே கூடிவிட்டது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கால்தான் முதலில் வந்ததாம், கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டமாம், இப்போது இரண்டு பேரும் சுகம் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போனேன். அவள் வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள். என் கிரீஸ் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"உங்க மவன் காலை நீட்டிக்கிட்டு வந்தான். நீங்களும் வாசல்ல காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தீங்களாமே. அப்பனும் புள்ளையுமா சேந்து என்னை நல்லாத்தான் பயமுறுத்துனீங்க, போங்க!"

டாக்டர் வண்டியில் எட்டு போல்ட்டும் எட்டு பின்னும் அசையாமல் இருந்தன. அன்றைக்குப் பூவத்தில் கழன்று போயிருந்த ஒரே சாமான் நான்தான் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது.