முப்பதாம் நம்பர் கால்

ஏழு வயதில் என் கால் சரியாக முப்பதாம் நம்பர். இந்த விஷயம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு சென்னீர்குப்பத்தில் இருந்த ஒரு ஷூ கம்பெனிக்கும் தெரியும்.

அம்மா அங்கே ஷூவின் மேல்பாகம் தைப்பவள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தோல் வரும். இங்கே மேல்பாகத்தை மட்டும் தைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அடிப்பாகம் வெளிநாட்டில்தான் ஒட்டப்படும். "பாதி ஷூவுக்கே முழுநாள் வேலையா?" என்று அப்பா கிண்டல் செய்வார். பிறகு முழு ஷூவும் இங்கேயே தயாரானது. பூந்தமல்லியைச் சுற்றியிருந்த ஊர்ப் பெண்களையெல்லாம் காலையில் கம்பெனி வேன்கள் அள்ளிக்கொண்டு போயின.

முழு ஷூ என்றால் யாராவது அதைப் போட்டு நடந்து காட்ட வேண்டுமே. அம்மா அப்போது, ஆர்டருக்கு முன் காட்டும் மாதிரி ஷூக்களைத் தைக்கும் சாம்பிள் பிரிவுக்கு மாறியிருந்தாள். குழந்தைகள் ஷூவுக்கு முப்பதாம் நம்பர் கால் ஒன்று தேவைப்பட, அம்மா என் காலைச் சொல்லிவிட்டாள். கூப்பிடும் நாளில் பள்ளிக்கு லீவ் லெட்டரில் வயிற்றுவலி என்று எழுதுவாள். உண்மையை எழுதினால் டீச்சர் நம்பியிருக்க மாட்டார்.

நான்காவது முறை போனபோது வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் ஆர்டர் என்று சூப்பர்வைசர் காலையிலிருந்தே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பிக்கொட்டை நிறத்தில், பக்கிள் வைத்த ஷூ. கையில் வாங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். பேனாவால் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. அது அம்மாவின் நம்பர். தைத்ததில் தப்பு வந்தால் அந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று அவளே வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

அதற்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் வந்ததில் அம்மா மூன்று நாள் லீவு. திரும்பி வந்ததும் அவசரத்தில் தைத்த ஜோடி அது.

ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது நடையிலேயே வலது குதிகாலில் எரிய ஆரம்பித்தது. ஆறாவது நடையில் கண்ணில் தண்ணீர் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"எங்கியாவது கடிக்குதாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல அங்கிள். நல்லா கீது."

வந்தவர் சிரித்துத் தலையாட்டினார். அப்போதுதான் சுவரோரமிருந்த மிஷினைவிட்டு அம்மா எழுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. என் முன்னால் மண்டியிட்டு வலது ஷூவைக் கழற்றினாள். வெள்ளை சாக்ஸில் எட்டணா அகலத்துக்கு ரத்தம்.

"கடிக்குது சார். பின்தையலத் தட்டிப் படிய வைக்காம உட்டுட்டேன். என் தப்பு தான்."

"இன்னாம்மா, எல்லாம் முடியற நேரத்துல வந்து சொல்ற?"

"இப்ப சொல்லலனா, எந்த ஊர்லயோ ஒரு கொழந்த இத மாட்டிகினு அழும் சார்."

சூப்பர்வைசர் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, வந்தவர் ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, வேறு ஜோடி வரும்வரை காத்திருப்பதாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புது ஜோடி தைத்து, அச்சில் ஏற்றி, அடி ஒட்டி முடிக்கச் சாயங்காலமானது. மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த பிளாஸ்திரியோடு மறுபடி நடந்தேன். பூனைக்குட்டிபோல மெத்தென்றிருந்தது. ஆர்டர் வந்தது. அடுத்த திங்கட்கிழமை அம்மாவை சாம்பிள் பிரிவிலிருந்து எடுத்துப் பழைய லைனில் உட்காரவைத்தார்கள். என் காலையும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்று வேனில் நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு வலியைப் பொறுத்து நான் காப்பாற்றியதை, இவளே எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாளே! குமணன்சாவடி நெரிசலில் வேன் நின்றபோது மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாடி, வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"உள்ள உன் நம்பர் போட்டிருந்துச்சு."

அம்மா என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. சூப்பர்வைசர் கேட்டதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. கோபத்தை விட்டுவிட்டு அவள் காதருகில் போய்ச் சொன்னேன்.

"அடுத்த வாட்டி அழுவே வராம நடக்கறேன்மா. யாருக்கும் தெரியாது."

சமாதானமாகிவிடுவாள் என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சத்தமாகவே அழுதாள். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தப்பாக என்ன சொல்லிவிட்டேன் என்று தெரியாமல் நான் அவர்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தேன்.