அமெரிக்கக் கார் விளம்பரமும் ஒரு மாப்பிள்ளைத் தலைப்பாவும்

1. நான், சின்னத்துரை சபாநாதன், முன்னர் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி; இலண்டன் தோர்ண்டன் ஹீத்தில் வசிப்பவன்.

2. கீழ்வருவன 1992 யூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நான் நேரில் கண்டவை. கட்டணங்கள் அந்நாளையவை, அவற்றை நம்பி இன்று எவரும் புறப்படலாகாது.

3. பழைய அமெரிக்கக் கார் விளம்பரங்களைப் பார்க்கச் செல்வோருக்காகவும், அவற்றைப் பார்த்துக் கார் வாங்க எண்ணுவோருக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டாம் வகையினர் சற்று நிதானமாக வாசிக்கவேண்டும்.

எங்கள் தெருவில் குடியிருந்த யோகநாதன் குறொய்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துவந்தார். அதை விட்டுவிட்டு, ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, நம்மவர் கல்யாணங்களில் மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துவர வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். காரை அவர் பார்த்திருக்கவில்லை; விற்பவர் அனுப்பிய பழைய சஞ்சிகை விளம்பரத்தை மட்டுமே பார்த்திருந்தார். அன்று கையெழுத்திட்டால் சேமிப்பு முழுவதும் அதற்குள் போய்விடும். திங்கட்கிழமை வேலையையும் விடுவார். மனைவி மலருக்கு இதில் சம்மதமில்லை. என்னைத் துணைக்கு அழைத்தபோது ஒரு நிபந்தனை விதித்தேன்: அடுத்த மாதம் மணமுடிக்கவிருந்த மலரின் தம்பிக்காக வாங்கிய தலைப்பாவையும் கொண்டுவரவேண்டும். ஏற்றப்போவதை ஏற்றிப் பார்ப்பதே முறை.

மூவரும் விக்டோரியா வரை ரயிலில் சென்றோம். ஏறக்குறைய அரை மணி. அங்கிருந்து பாதாள ரயிலில் ஃபின்ஸ்பரி பார்க். நாள் முழுவதற்குமான பயணச்சீட்டு மூன்று பவுணுக்குச் சற்று மேல். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், பழைய கார் விளம்பரங்களின் விற்பனைச் சந்தை நடந்த மண்டபம். நுழைவு இரண்டு பவுண். தலைப்பாவின் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்த வாசற்காவலர், மூடிவிட்டு வழிவிட்டார்.

உள்ளே மேசை மேசையாக விளம்பரப் பக்கங்கள். பக்கம் நான்கு பவுணிலிருந்து. பெரும்பாலானவை புகைப்படங்கள் அல்ல, தீட்டிய ஓவியங்கள். ஏரிக்கரை, மாலை வெயில், சிரிக்கும் குடும்பம், இரு பக்கங்களையும் நிறைக்கும் கார். யோகநாதனின் படத்தில் தொப்பியணிந்த ஒருவர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். அவரைச் சாதாரண உயரத்தினர் என்று கொண்டு பென்சிலால் அளந்தேன். கார் ஒரு பஸ்ஸின் நீளத்துக்கு வந்தது. பார வண்டி விளம்பரங்களோ வேறு இனம்: எத்தனை இறாத்தல் ஏற்றலாம், பெட்டி எத்தனை அங்குலம் என்பதையும் அச்சிட்டிருந்தார்கள். காரைப் பற்றி அப்படி ஓர் எண்ணும் இல்லை.

விற்பவரின் கார் மண்டபத்தின் பின்முற்றத்தில் நின்றது. வெளிர்பச்சை, உண்மையிலேயே அழகானது. யோகநாதன் தலைப்பாவைத் தரித்துக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினார்.

“நிமிர்ந்து இருங்கோ,” என்றார் மலர்.

“நிமிர்ந்துதான் இருக்கிறன்.”

“அப்ப ஏன் அடைக்கோழி மாதிரிக் கிடக்கிறியள்?”

தலைப்பாவின் குஞ்சம் கூரையில் மடிந்து அவர் மூக்கின்மேல் தொங்கியது. சறுக்கி அமர்ந்தார், முழங்கால் முன்னிருக்கையில் இடித்தது.

“அண்ணை, படத்தில அந்த மனிசன் தொப்பியோட இருக்கிறார்தானே! மேல ஒரு சாண் இடமும் கிடக்கு.”

“படம் கீறினவர் ஆளைச் சின்னனாக் கீறியிருக்கிறார், யோகன்.”

“கழட்டி மடியில வைச்சுக்கொண்டு வந்தால்?”

“மடியிலயோ?” மலரின் குரல் உயர்ந்தது. “என்ர தம்பி மண்டபத்து வாசலில வெறுந்தலையோட இறங்கிறதோ? வீடியோக்காரன் முதல் பிடிக்கிறதே அதைத்தான்!”

விற்பவர் பேனாவை நீட்டினார். யோகநாதன் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“படத்தைப் பார்த்து ஏமாந்தன் எண்டு பிறகு சொல்ல ஏலாது,” என்றேன். “நீர் உள்ளுக்க ஏறி இருந்து பார்த்திட்டீர்.”

அவர் நெடுநேரம் அந்தக் காரைப் பார்த்தார். பிறகு, “சொறி, வேண்டாம்,” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். விற்பவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

வெளியே மழை. தலைப்பா நனையக்கூடாது என்று மலர் ஒரு கறுப்பு டாக்ஸியை மறித்தார். பாதி வழியில் மலர் பெட்டியைத் திறந்தார்.

“இந்த டாக்ஸிக்குள்ள தலையில போடுங்கோ, பாப்பம்.”

யோகநாதன் போட்டுக்கொண்டார். குஞ்சம் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேலும் இடமிருந்தது. தொப்பியணிந்த கனவான்கள் அமர்வதற்காகவே கூரையை உயர்த்திக் கட்டினார்கள் என்று சாரதி சொன்னார். இது அவர் கூற்று, நான் சரிபார்க்கவில்லை.

“அண்ணை, பழைய டாக்ஸியளை விக்கிறவையோ எண்டு கேளுங்கோ.”

“நீரே கேளும்.”

அவர் கேட்கத் தயங்கினார். மலர் குஞ்சத்தைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: “கேளுங்கோவன். வெள்ளைப் பெயின்ற் அடிச்சால் வடிவாத்தான் இருக்கும்.”

செல்வோருக்கு என் ஆலோசனை: விளம்பரப் பக்கங்களை வாங்கலாம், நான்கு பவுணுக்கு அவ்வளவு நல்ல ஓவியம் கிடைப்பது அரிது. கார் வாங்குவதாயின், ஏறப்போகிறவரை அன்று அணியப்போவதை அணிவித்து முதலில் ஏற்றிப் பாருங்கள். வாடகைக்கு விடுவதற்கான அனுமதியையும் காப்புறுதியையும் பணம் கொடுப்பதற்கு முன்னரே விசாரியுங்கள்.

வாசித்துப் பார்த்து, சரியெனக் கண்டு ஒப்பமிடுகிறேன்.

சி. சபாநாதன்

சாட்சிகள்:
க. யோகநாதன், கல்யாண வாகன உரிமையாளர்
ம. யோகநாதன், மேற்படி வாகனத்தின் நிறத்தைத் தீர்மானித்தவர்