புத்தர் கோயில் வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர்

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஜெர்மனியில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை. கலியாணப் பேச்சென்று யாராவது பார்க்க வந்தால் என் வாய் பூட்டிக்கொள்ளும். இரண்டு இடம் அப்படியே குழம்பிப் போனது. மூன்றாவதாக பீலெஃபெல்டிலிருந்து ஒருவர் வருகிறார், ஊர் மன்னார், எங்களைப் போலக் கத்தோலிக்கர் என்றார்கள். இந்த வயதில் பலகாரத் தட்டோடு நடந்து வர மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், நகரத்துக்கு மேலே உள்ள குன்றில் சந்திப்பதென்று முடிவானது.

அங்கே ஒரு பழைய கல் கோபுரம் இருக்கிறது. ராசா காலத்தில், ஊரைப் பார்ப்பதற்கென்றே கட்டியது. அதற்குச் சற்றுக் கீழே வியட்நாம்காரர் நடத்தும் புத்தர் கோயில்.

காரை விட்டு இறங்கும்போதே, என்னைக் கூட்டிவந்த அண்ணி சொல்லிவிட்டார்: "இந்தமுறையாவது வாயைத் திறந்து கதையும். போனமுறை வந்தவர் உம்மை ஊமை எண்டு நினைச்சிட்டார்."

பீலெஃபெல்ட்காரர் கோபுரத்தடியில் நின்றார். கட்டையான ஆள், முன்தலை வழுக்கை. வணக்கம் சொன்னோம். பிறகு அவர் நிலத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பொறுக்க முடியாத அண்ணி, கோயிலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி எங்களைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனேன். புத்தரை நான் கவனிக்கவில்லை. வாசலோரம் பித்தளைக் கிண்ணத்தில் இருந்த தண்ணீர்தான் கண்ணில் பட்டது. மாதா கோயில் வாசல் தீர்த்தத்தில் சின்ன வயதிலிருந்து பழகிய கை தன்பாட்டில் விரலை நனைத்தது, நெற்றியில் சிலுவை போட்டது. ஒரு முழங்காலும் மடிந்தது. நிமிர்ந்தால் முன்னால் பொன்னிறப் புத்தர். இந்த இடமும் போச்சு என்று நினைத்தேன்.

பின்னால் 'டக்' என்று ஒரு முழங்கால் சத்தம். திரும்பினால், அவரும் நெற்றியில் ஈரத்தோடு மண்டியிட்டு எழும்புகிறார்.

கை நிறையச் செவ்வந்திப் பூவோடு ஒரு பிக்குணி வந்தார். எங்களைக் கும்பிட்டுவிட்டு, ஒவ்வொரு பூவாக அந்தக் கிண்ணத்தில் மிதக்கவிட்டார்.

வெளியே வந்து சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்ட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. கோபுரத்தின் சுற்றுப்படிகளில் ஏறும்போதும் ஒருவர் அடக்கினால் மற்றவர் தொடங்கினார். உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கீழே நகரம் முழுவதும் சிவப்புக் கூரைகள், காற்று கழுத்துச் சால்வையைப் பறிக்கும்போல இருந்தது, தலை சுற்றியது.

"நான் தெரியாமல் தொட்டனான். நீங்கள் ஏன் தொட்டனீங்கள்?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எனக்குப் பார்த்தவுடனேயே தெரியும். நீங்கள் தனிய வெக்கப்படக் கூடாதெண்டு..." என்றவர் காது வரை சிவந்துபோனார்.

அதற்குப் பிறகு என் வாய் மூடவில்லை. என் வேலைத்தலத்துப் புகைபோக்கியைக் காட்டினேன். என் வீட்டு யன்னலைக் காட்டினேன், அங்கிருந்து அது தெரியவே தெரியாது. அவரும் எட்டி எட்டிப் பார்த்து, ஓம் தெரியுது என்றார்.

கீழே அண்ணி இரண்டு கைகளையும் விரித்து, என்ன மாதிரி என்று சைகையில் கேட்டார். பதிலுக்குத் தலையை ஆட்டியிருந்தால் போதும். நான் சுவரில் சாய்ந்து, "ஓம்" என்று கத்தினேன். நாயோடு உலாவிய ஜெர்மன்காரர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற அவரோ வெட்கத்தில் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.