பிரவுணியின் சிவப்பு வார்

மலையகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். அதன் பொதுப் பைப்படியில், சுவரில் அடித்த ஓர் ஆணியில், சிவப்பு நிற நாய் வார் ஒன்று தொங்குகிறது. பனிமூட்டம் இறங்கும் காலைகளில் சுவர் மறைந்துவிடும், பைப் மறைந்துவிடும், குடத்தோடு நிற்பவர்கள் வெறும் நிழலாகிவிடுவார்கள். அந்தச் சிவப்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். பல்கலைக்கழக விடுமுறைக்கு வரும்போதெல்லாம், தோள் பையை இறக்கும் முன்பே அது இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். அதைக் கொண்டுவந்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. லெபனானில், பெய்ரூத்தில் ஒரு வீட்டில் வேலைபார்த்துத் திரும்பியபோது, சவர்க்காரம், சாக்லேட், போர்வைகளுக்கெல்லாம் அடியில் இந்த வார் சுருண்டு கிடந்தது. அந்த வீட்டு மேடம் வேண்டாமென்று எறிந்ததாம். "நாயே இல்லாத வீட்டுக்கு நாய்க்கயிறு எதுக்கு புள்ள?" என்று அம்மா சிரித்தாள். "அழகா இருந்துச்சு அண்ணி, அதான்" என்றாள் அத்தை.

அங்கே அவளுக்குப் பாதி வேலை நாய் வேலைதான். மேடத்தின் சுருள்முடி நாய்கள் இரண்டையும் கடலோரப் பூங்காவுக்கு நடத்திப் போகவேண்டும். என் தலையைப் பின்னிவிட்டபடியே கதை சொல்வாள்: "அங்க நாயோட வர்ற பொம்பளைகள்ல ஒருத்தி நாய அவுத்து வுட்டுருவா, இன்னொருத்தி கத்துவா. ரெண்டு பேரும் அடிச்சுக்குவாளுக. நான் நம்ம நாய்கள இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நடுவுல நிப்பேன்." நம்ம நாயா என்று நான் கேட்டேன். பின்னல் ஒரு கணம் நின்றது. "ஒரு பேச்சுக்குத்தான்டி."

எங்கள் லயத்திலும் ஒரு நாய் இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது. பிரவுணி. ஆனால் அது யாருடைய நாயும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் அதற்கு ஒரு கவளம் சோறு. யாராவது ஒருவர் "என் நாய்" என்று சொல்லிவிட்டால் மற்ற வாசல்களில் சோறு நின்றுவிடும், அவர் வீட்டுப் பாடாகிவிடும். அதனால் யாரும் சொல்வதில்லை. காலையில் பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூடும்போது அதுவும் வந்து நிற்கும். கொழுந்தெடுக்க மலையேறுகிறவர்களின் பின்னால் போகும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அப்புத்தளை டவுனுக்கு ஏறினால் அங்கேயும் வரும். நாங்கள் கூட்டிப்போவதில்லை, அதுவாக வருகிறது. இந்த வித்தியாசத்தை டவுன்காரர்களுக்கு விளக்கவே முடியாது.

டவுன் மேட்டில் சின்னதாக ஒரு பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, நாலைந்து பெஞ்சு. இரண்டு பக்கமும் பள்ளம் என்பதால் மூட்டம் இரண்டு பக்கமிருந்தும் ஏறிவந்து ஊஞ்சலடியில் கலக்கும். ஆடுகிற பிள்ளைகள் வெள்ளைக்குள் போய்ப் போய்த் திரும்பி வருவார்கள். அத்தை திரும்பி வந்த புதிதில் ஒரு ஞாயிறு, யாரோ எறிந்த பந்தின் பின்னால் பாய்ந்த பிரவுணி, மருந்துக்கடை முதலாளியின் சின்ன மகளை இடித்துத் தள்ளிவிட்டது. முழங்காலில் ரத்தம். குழந்தை வீறிட்டது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு, "யாரு நாய் இது? மூஞ்சியில கடிச்சிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. லயத்து ஆட்கள் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூங்காவைக் காவல் காக்கும் வாச்சர் வந்தார். "யாரும் இல்லையா? சரி. அடுத்த ஞாயிறு கயிறு இல்லாம கண்டா, வண்டியில ஏத்தி எங்கயாவது தூரத்துல விட்டுருவோம்."

"என் நாய்தாங்க" என்றாள் அத்தை. சத்தமாகத்தான் சொன்னாள், சொன்ன பிறகு அவளே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. "மன்னிச்சுக்கங்க. இனிமே கயிறு போட்டுத்தான் கொண்டாருவேன்."

லயத்துக்குத் திரும்பியதும் பைப்படியில் சண்டை வெடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் குரல்தான் உச்சத்தில். "நேத்து வந்தவளுக்கு நாய் சொந்தமாயிருச்சா? சோறு போட்டு வளத்தது நாங்க!" அத்தை விடவில்லை. "அங்க ஒருத்தராச்சும் வாயத் தொறந்தீங்களா? பள்ளத்துல என்னா படமா ஓடுச்சு?" "சரிங்க மேடம்!" என்று பெரியம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று மாலை எந்த வாசலிலும் சோறு விழவில்லை. நான் அப்போது பள்ளிக்கூட விவாத அணியில் இருந்தேன். வாசல் வாசலாகப் போய் வாதாடிப் பார்த்தேன். "போய்ப் படிம்மா" என்றார்கள். பிரவுணியும் வாசல் வாசலாகப் போனது. உட்கார்ந்தது, வாலை ஆட்டியது, எழுந்து அடுத்த வாசலுக்குப் போனது. அத்தை தட்டு நிறையச் சோறு பிசைந்து வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, பழக்கதோஷத்தில், மறுபடி அடுத்த வாசலுக்குக் கிளம்பிவிட்டது. தட்டை வைத்துக்கொண்டு அத்தை இருட்டும்வரை நின்றாள்.

அடுத்த ஞாயிறு பிரவுணியின் கழுத்தில் சிவப்பு வார் ஏறியது. கட்டிப்போட்டால் ஊளை, அவிழ்த்துவிட்டால் பின்னாலேயே வந்துவிடும், வேறு வழியில்லை. ஆனால் முதல் வளைவிலேயே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. அத்தை இழுத்தாள், கெஞ்சினாள், மேடத்தின் நாய்களுக்குச் சொல்வதை அரபியிலும் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை. பின்னால் சந்தைப் பையோடு வந்த பெரியம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு, "இழுத்தா வருமாடி அது? முன்னால ஆளு போகணும்" என்று, பையைக் கொழுந்துச் சாக்கு மாதிரி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, மலைக்குப் போகும்போது கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தாள்: "ஏய், வாங்க வாங்க, நேரமாச்சு!" அவள் பின்னால் அம்மா, அம்மாவின் பின்னால் மற்றவர்கள். பிரவுணி எழுந்தது. நான் கடைசியில் நின்றேன். மூட்டம் ஒவ்வொருவராக விழுங்கியது. பிரவுணியும் போனது, அத்தையும் போனாள். சிவப்புக் கோடு ஒன்று மட்டும் வெள்ளையில் ஆடி ஆடித் தானாக மேடேறிப் போனது. இன்றைக்கும் கனவில் அதைத்தான் பார்க்கிறேன்.

பூங்கா வாசலில் வாச்சர் வாரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அத்தை வாயைத் திறக்கும் முன் பெரியம்மா முந்திக்கொண்டாள். "அவ நாய்தான். கயிறு தெரியலையா?" அன்று மாலை வாசல்களில் மறுபடி ஒவ்வொரு கவளம் விழுந்தது.

பிறகு அத்தை மறுபடியும் பெய்ரூத் போனாள், வேறொரு வீட்டுக்கு. போகும் காலையில் வாரைக் கழுவி, பைப்படி ஆணியில் மாட்டினாள். டவுனுக்குப் போகிறவர் யாரோ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

போன ஞாயிறு நான் எடுத்தேன். பிரவுணிக்கு இப்போது முகமெல்லாம் நரை. வளைவுக்கு வளைவு நின்று மூச்சுவாங்குகிறது. பூங்காவில் வாச்சர் புதியவர். யாரு நாய் என்று கேட்டார். முன்னால் போன பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம புள்ள ஒருத்தி நாய். அவ வெளிநாட்டுல இருக்கா."

லயத்துக்குத் திரும்பி, பைப்படியில் நின்றே அத்தைக்குப் போனில் பிரவுணியின் படம் அனுப்பினேன். குரல் செய்தி வந்தது. கடல் காற்று இரைந்தது, யார் வீட்டு நாயோ குரைத்தது, நடுவே அவள் குரல்: "என் நாய்க்கு வயசாயிருச்சே! மேட்டுல இழுக்காதீங்கடி." பக்கத்தில் குடத்தோடு நின்ற பெரியம்மாவுக்கும் கேட்டது. அவள் வாரை என் கையிலிருந்து வாங்கி, ஈரத்தை உதறி, ஆணியில் மாட்டினாள். மூட்டம் வந்து சுவரை எடுத்துக்கொண்டு போயிற்று.