அத்தைக்குக் காவல்

அத்தை எங்கள் வீட்டை விட்டுத் தனியாகக் குடிபோனபோது ஆம்பூரிலேயே அவளுக்குக் கிடைத்த அறை, மூடிப்போன தோல் பதனிடும் டேனரியின் மதிலை ஒட்டி இருந்தது. அறைக்குப் பின்னால் டேனரியின் பழைய கொட்டகையில், தோல் ஊறவைக்கும் பெரிய மர டிரம் ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. எப்போதோ அதற்குள் ஒருத்தர் செத்துப்போனார், கரண்ட் இல்லாமலே அது சுற்றுகிறது என்று தெருவே சொல்லும். அதனால் அந்தப் பக்கம் யாரும் குடிவருவதில்லை. அத்தைக்கு அதுவே வசதியாகப் போயிற்று.

மாமா விட்டுப்போனதிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் தைத்துவிட்டு வந்து வீடு மொத்தத்துக்கும் சமைப்பாள். அவள் போனதும் அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வயிற்றுப் பிரச்சினையும்தான், அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேவு பார்க்க என்னை அனுப்புவார்கள். பார்த்துச் சொல்ல அங்கே என்ன இருந்தது? அத்தை காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பாள், அவ்வளவுதான். டிரம் சுற்றும் சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு, பொழுது சாயும் நேரம், அவளைக் கையோடு அழைத்துப்போக அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. என் காதருகில் குனிந்தாள்.

"பின்னாடி போய் டிரம்ம தள்ளு பாப்பா. பேயெல்லாம் ஒண்ணும் கெடையாது. அப்பப்போ நாந்தான் தள்ளுவேன்."

கொட்டகையில் பாதி இருட்டு. பழைய தோல் நாற்றம் மூக்கை அடைத்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். தோளைக் கொடுத்தும் தள்ளினேன். இம்மியும் அசையவில்லை. முன்பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. "துணிமணிய எடு. இன்னிக்கே கெளம்புற." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

டிரம் சுற்றத் தொடங்கியது. மெதுவாக, முனகிக்கொண்டே ஒரு முழுச் சுற்று. பிறகு இன்னொன்று.

எப்படி ஓடிவந்தேன் என்று தெரியாது. அதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். நான் அங்கே இருப்பது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நான் தள்ளவில்லை, என்னால் முடியவே இல்லை என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அதுக்கும் நா இங்க இருக்கறது புடிச்சிருக்கு போல" என்றாள்.

என்னை எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அடுப்படியிலிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அத்தை உள்ளே வராமல், செல்போன் வெளிச்சத்தில் அந்த மதில் பக்கமே வேகவேகமாகத் திரும்பி நடந்தாள். பேய் இருக்கிற இடத்துக்குப் போக இவ்வளவு அவசரமா என்று திகைத்துப்போய் நின்றேன். எங்கள் அடுப்படிக்குத்தான் அவள் பயந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.