கேட்டு நடந்த பாதை

ஆண்டியப்பனைப் போல ஊருக்கு ஒரு மனுசன் இருந்தால் பொலிசுக்கு வேலையே இருக்காது என்று புளியங்குளச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் அடிக்கடி சொல்வார். சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். சந்திக்குக் கிழக்கே, குளத்துக்குப் பின்னால் காட்டை ஒட்டினாற்போல ஒரு பதினைந்து வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அடிபட்டு ஓடிவந்த சனம். ஆண்டியப்பன் அப்போது அரைக்காற்சட்டையோடு தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இன்றைக்கு அங்கே யார் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும்.

சண்டைக்காரரிடம் போவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. காலையில் போகவேண்டும், சாயங்காலம் என்றால் மனுசர் குடித்திருப்பார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது, ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டும். உட்காரச் சொன்னாலும் உடனே உட்காரக்கூடாது. பிழை யார் பக்கம் என்ற கதையை எடுக்கவே கூடாது. "மன்னிச்சுக்கங்க, எங்க ஆளுங்க தெரியாம செஞ்சிட்டாங்க" என்று தொடங்கவேண்டும். குடியிருப்பில் இருக்கும் மீனம்மாவின் ஆடு பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக் கன்றுகளை மொட்டையடித்தபோது அவர்தான் போய் மன்னிப்புக் கேட்டார். ஆடும் அவருடையதல்ல, கத்தரியும் அவருடையதல்ல. தோட்டக்காரன் கத்திக் கத்தி ஓய்ந்துபோய், கடைசியில் மூன்று கத்தரிக்காயையும் கையில் கொடுத்து அனுப்பினான். எப்பேர்ப்பட்ட முரடனும் ஆண்டியப்பன் குனிந்து நிற்கிறதைப் பார்த்தால் அடங்கிவிடுவான்.

அவருடைய மகள் பிரேமிளாவுக்கு இது கண்ணில் காட்டக் கூடாது. "ஏனப்பா எல்லாருக்கும் கும்பிடு போடுறீங்க, நாங்க என்ன களவா எடுத்தனாங்க?" என்று நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்பாள். தாய் யுத்தத்தின் கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து செத்தபிறகு அவருக்கு மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். பிறந்ததும் படித்ததும் வன்னியில், பேச்சும் பாதி வன்னிப் பேச்சு. அவள் முறைக்கும்போது ஆண்டியப்பன் சிரிப்பார். குனிஞ்சா முதுகா முறிஞ்சு போயிரும் என்பார்.

அப்படிக் குனிந்து அவர் வாங்கிய முதல் சமாதானம், அந்தப் பாதை.

குடியிருப்பிலிருந்து கண்டி வீதிக்கு வருவதென்றால் நடுவில் யோகநாதன் மாஸ்டரின் காணி கிடக்கிறது. குறுக்கால் நடந்தால் ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான். சுற்றிப் போவதென்றால் குளக்கட்டில் ஏறி, காட்டோரமாக வரவேண்டும். காட்டோரம் முழுக்க யானை. சனம் குறுக்கால்தான் நடந்தது. ஆண்டியப்பன் கல்யாணம் முடித்த புதிதில் யாரோ ஒருவன் சைக்கிள் உருட்டுவதற்காக மாஸ்டரின் வேலியை வெட்டிவிட்டான். மாஸ்டர் பொலிசுக்குப் போகப் போகிறார் என்று கதை வந்தது. இளவட்டங்கள் பார்க்கலாம் ஒரு கை என்று துள்ளினார்கள். ஆண்டியப்பன் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு மொந்தன் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, வவுனியாவில் மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார். வேலியை நாங்களே கட்டித் தருகிறோம், ஐயா பெரிய மனசு வைத்து நடக்க விடவேண்டும் என்று கேட்டார். மாஸ்டருக்கு மனம் இளகிவிட்டது. நடக்கிறதாலே காணி என்ன தேய்ந்தா போகும், நடவுங்கோ என்று சொல்லித் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

அன்றைக்கு ஊரே ஆண்டியப்பனைத் தலையில் தூக்கி வைத்தது. அவரும் அந்த மரியாதையைக் கெடுக்கவில்லை. வருசா வருசம் காலபோக நெல் வெட்டு முடிந்ததும் புது அரிசியும் குலையுமாகப் போவார், வழமைபோல இந்த வருசமும் நடக்கலாமுங்களா என்று கேட்பார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவர் ஒருநாளும் வந்து கேள் என்று சொன்னதில்லை. சொல்லாமலே போய்க் கேட்கிற குணம் இந்த மனுசனுக்கு.

பிறகு சண்டை. எல்லாரும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். முகாமில் கிடந்து திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, மாஸ்டரின் காணி முழுக்க ஆள் உயரப் பற்றை. சனம் பற்றையை வெட்டி அதே இடத்தில் மறுபடி பாதை எடுத்தது. கேட்பாரும் இல்லை, மறிப்பாரும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் முதல் நெல் வெட்டு முடிந்த கையோடு ஆண்டியப்பன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குக் கிளம்பிவிட்டார். மாஸ்டருக்கு வயதாகி ஞாபகம் தட்டிப்போயிருந்தது. எந்தப் பாதை, என்ன பாதை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆண்டியப்பன் பொறுமையாக விளங்கப்படுத்தி, அவருக்கு ஞாபகம் வரவைத்து, அதற்குப் பிறகு உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தார். மாஸ்டரின் மகன் சுகிர்தன் அப்போது பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

மாஸ்டர் செத்த அடுத்த வருசம் சுகிர்தன் காணிக்குள் பற்றை தள்ளுகிற மெசின் இறக்கினான். முள்ளுக்கம்பியும் கொங்கிறீட் தூணுமாக நாலு பக்கமும் இழுத்து அடைத்தான். அவன் கெட்டவனில்லை, குரலை உயர்த்திப் பேசாத ஆள். நடுவாலே பாதை ஓடினால் காணியை ஒருத்தரும் வாங்க மாட்டினம், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு என்று நிதானமாகச் சொன்னான். ஆண்டியப்பன் குலையோடு போனார். வாங்கி வைத்துக்கொண்டு முடியாது என்றான். இன்னொரு முறை போனார். உட்காரச் சொன்னான், தேத்தண்ணி கொடுத்தான், முடியாது என்றான். மத்தியஸ்த சபையிலும் அதே மரியாதை, அதே பதில். கத்துகிறவனைக் குனிந்து அடக்கலாம். கத்தாதவனிடம் எப்படிக் குனிந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டியப்பனுக்கு முதல் தடவையாகக் கை பிசைய வந்தது.

அடைத்த அந்த மாரிமழைக் காலத்திலேயே மீனம்மாவின் புருசனைக் குளக்கட்டில் யானை அடித்துக் கொன்றது. சந்திக்கு மருந்து எடுக்கப் போனவர். பிரேமிளாவும் இன்னும் நாலைந்து பெட்டைகளும் காமென்ற்ஸ் தையல் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். பஸ் சந்திக்கு வெள்ளாப்பிலேயே வந்துவிடும், அதைப் பிடிக்க இருட்டோடு இருட்டாக அந்தக் கட்டால்தான் நடக்கவேண்டும். மகள் போய்ச் சேர்ந்து போன் எடுக்கும்வரைக்கும் ஆண்டியப்பனின் தொண்டையில் தேத்தண்ணி இறங்காது.

ஊர் கூடிக் கோட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தது. காசு வாங்காமல் ஏழைகளுக்கு வழக்குப் பேசுகிற ஒரு லோயர்ப் பிள்ளை கிடைத்தாள். அவள் ஆண்டியப்பனைக் கேட்டாள், எவ்வளவு காலமாக நடக்கிறீர்கள், யாராவது எப்போதாவது மறித்தார்களா என்று. யாருமே மறிச்சதில்லைங்க என்றார். அது பொய்யில்லை. வருசா வருசம் போய்க் கேட்டதை அவர் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்றல்ல, காலையில் முகம் கழுவியதை யாராவது தனியாகச் சொல்வார்களா? அவள் இது நல்ல வழக்கு, பாதை கிடைக்கும் என்றாள். அன்றைக்குப் பின்னேரம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பேச்சும் சிரிப்பும்.

கோட்டில் ஆண்டியப்பன் வெள்ளைச் சேட்டின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். பின்னால் வாங்கில் உட்கார்ந்து பிரேமிளாவும் மீனம்மாவும் ஊர்ச்சனமும். சுகிர்தனுடைய லோயர் நரைத்த மனுசன், சத்தம் போடுவார் என்று எல்லாரும் பயந்திருக்க, அவர் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். யோகநாதன் மாஸ்டரைத் தெரியுமா என்று கேட்டார். ஆண்டியப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. தங்கமான மனுசருங்க என்றார். அவருக்கு நீங்கள் நல்ல மரியாதை கொடுப்பீர்களாமே என்றார் லோயர். ஆமாங்க என்றார்.

"அப்ப ஒண்டு மட்டும் சொல்லுங்கோ ஐயா. நீங்கள் வருசா வருசம் மாஸ்டரைக் கேட்டு நடந்தனீங்களோ, கேளாமல் நடந்தனீங்களோ?"

ஆண்டியப்பன் நிமிர்ந்தார். வாழ்நாள் முழுக்கக் குனிந்த மனுசன் அன்றைக்குத்தான் நெஞ்சை நிமிர்த்தி, கோட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கேக்காம நடப்போமுங்களா? ஒரு வருசம் விட்டதில்லீங்க. முகாம்ல இருந்து வந்த வருசம்கூட நான்தான் போய்க் கேட்டேன். இந்தத் தம்பியும் அப்ப பக்கத்துலதான் இருந்தாரு. அடுத்தவங்க காணியில சொல்லாம கால் வைக்கிற ஆளுங்க இல்லீங்க நாங்க."

நரைத்த லோயர் நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. லோயர்ப் பிள்ளை பேனையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டியப்பன் கூண்டிலிருந்து இறங்கும்போது மகளைப் பார்த்துச் சிரித்தார். நல்லாச் சொல்லிப்போட்டேன் என்கிற சிரிப்பு அது.

வெளியே மரத்தடியில் வைத்து லோயர்ப் பிள்ளை விளங்கப்படுத்தினாள். பத்து வருசத்துக்கு மேலே ஒருவரையும் கேளாமல், எங்கள் பாதை என்று நடந்தால் சட்டத்தில் அது உரித்து. கேட்டு நடந்தால் அது காணிக்காரர் விட்ட தயவு, அதை எப்போதும் மறிக்கலாம். இப்படி ஒரு கதை இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா ஐயா என்று கேட்கும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. ஆண்டியப்பன் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார், அது அவருக்குத் தெரிந்த வேலை. மீனம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள்.

அன்றிரவு பிரேமிளா சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் குந்தினாள். முகாமிலிருந்து வந்த பிறகாவது கேட்காமல் இருந்திருக்கலாமே, காணிக்காரனே மறந்துபோன பாதையை ஏனப்பா ஞாபகப்படுத்தினீர்கள் என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"சண்டை வந்துறக் கூடாதுன்னுதான் பிள்ளை."

தீர்ப்பு சுகிர்தனுக்கு வந்தது. அடுத்த கிழமை அவனே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஒரு பிஸ்கற் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். எனக்கு உங்களோடு கோபமில்லை, நீங்கள் உண்மை பேசுகிற மனுசன், அதனால்தான் வந்தேன் என்றான். காணிக்கு வீதிப் பக்கமும் குடியிருப்புப் பக்கமும் கேற்றுக் கதவு போடுகிறானாம், காவலுக்கு ஊரில் எல்லாரோடும் பண்பாகப் பேசத் தெரிந்த ஆள் வேண்டுமாம். பூட்டின் திறப்பு உங்களிடமே இருக்கட்டும் என்றான்.

"உங்கட மகள் கேற்றாலே போய் வரலாம், அதிலை எனக்குப் பிரச்சினை இல்லை. மற்ற ஆக்களை மட்டும் விடாதேங்கோ. விட்டால் பிறகும் பாதை எண்டு கோட்டிலை நிப்பினம்."

ஆண்டியப்பனுக்குக் கண்ணுக்குள் முதலில் வந்தது குளக்கட்டும் இருட்டும் மகளும்தான். அதற்குப் பிறகு அவருடைய பழைய கணக்கு ஓடியது. முதலில் மகள் போகட்டும், ரெண்டு மாதம் கழித்து மீனம்மாவின் பிள்ளைகளுக்குக் கேட்கலாம், அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்கலாம், பொறுமையாகக் கேட்டால் கல்லும் கரையாதா? யோசித்து முடிப்பதற்குள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"சரிங்க சின்னையா."

குசினிக்குள் நின்ற பிரேமிளா அதைக் கேட்டாள். வெளியே வரவில்லை. அவள் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

கேற் போட்ட மறுநாள் விடியப்புறம் ஆண்டியப்பன் மகளுக்கு முன்னாலேயே எழும்பிப் போய்க் குடியிருப்புப் பக்கத்துப் பூட்டைத் திறந்து, கேற்றை அகலத் தள்ளி, ஓரமாக ஒதுங்கி நின்றார். வீட்டுப் பக்கம் ரோச் லைற் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிந்து ஒன்றாகச் சேர்ந்தன. பெட்டைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது, மீனம்மாவின் இருமலும் கேட்டது. அவள் கையில் யானை வெடியோடு இப்போது அவர்களுக்குத் துணையாகப் போகிறவள். வெளிச்சங்கள் கேற்றுக்கு நேரே வந்தன. அவற்றுக்குள் பிரேமிளாவின் மஞ்சள் தொப்பியை அவர் கண்டார். அவர் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

வெளிச்சங்கள் கேற்றடியில் நிற்கவில்லை. வேலியோரமாகத் திரும்பிக் குளக்கட்டில் ஏறின. மஞ்சள் தொப்பியும் அவர்களோடேயே ஏறியது, ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூப்பிட்டால் என்ன? எல்லாரும் வாங்க, இப்படியே போங்க, வர்றது வரட்டும் என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன? திறந்த கேற்றுக்குப் பக்கத்தில், கையில் திறப்போடு, அவர் வாயைத் திறந்தார். சின்னையாவை ஒரு சொல் கேட்காமல் எப்படி என்ற நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். காட்டுக்குள் எங்கேயோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு வெடிச்சத்தம். ரோச் வெளிச்சங்கள் சிதறி ஓடின. எத்தனை ஓடுகின்றன என்று அவரால் எண்ண முடியவில்லை.

அவர் கேற்றை விட்டு ஓடப் போனார். இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்து, பூட்டைப் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகுதான் மகளின் பேரைக் கத்திக்கொண்டு குளக்கட்டை நோக்கி ஓடினார்.